எழுந்து நின்றால் படபடப்பு

கேள்வி: எனக்கு வயது 24. எழுந்து நின்றாலே படபடப்பு, கண் இருட்டுகிறது. தன்னியக்க நரம்புக் கோளாறான ‘பாட்ஸ்’ என்கிறார் மருத்துவர். வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா? திருத்தணிப் படி ஏறலாமா?
- வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: இது மனபயம் அல்ல, சகோதரி. நிற்கும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலேற்ற ரத்தக்குழாய்கள் சுருங்க வேண்டும். அது சரியாக நடக்காததால் இதயம் வேகமாகத் துடிக்கிறது.

தினமும் 2 முதல் 3 லிட்டர் நீர் அருந்துங்கள். மருத்துவர் சம்மதித்தால் உப்பைக் கூட்டலாம். உப்பிட்ட நீர்மோர் நல்லது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரக, இதய நோய் உள்ளவர்களுக்கு உப்பைக் கூட்டுவது ஆகாது. சிறிது சிறிதாகப் பலமுறை சாப்பிடுங்கள். இடுப்புவரை வரும் அழுத்தக் காலுறை உதவும். தலை சுற்றினால் உடனே படுத்துக் கால்களை உயர்த்துங்கள்.

புரோப்ரனலால், ஐவாபிரடின், மிடோட்ரின், ஃபுளூட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்றதை மருத்துவரே தேர்வு செய்வார். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரோப்ரனலால் மூச்சுத்திணறலைக் கூட்டும். இரும்புச்சத்து, பி12 மாத்திரைகள் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மட்டுமே. பலருக்கு நாளடைவில் தொல்லை தணிகிறது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படுத்தபடி செய்யும் கால் பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாக நடையைக் கூட்டுங்கள். 365 படிகளைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு மலைப்பாதையில் வண்டியிலேயே சென்று முருகனைக் கும்பிடுங்கள். நெஞ்சுவலி வந்தாலோ, உழைக்கும்போது மயங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.