அழுகையின் நான்கு வாயில்களும் ஆற்றுப்படுத்தும் நூல்களும்

முன்னுரை

"என்னப்பா, முகம் வாடியிருக்கிறதே?" என்று மாணவரிடம் கேட்டால், "ஒன்றுமில்லை ஐயா" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த 'ஒன்றுமில்லை'க்குள் ஒரு தந்தையின் மறைவோ, தேர்வில் அடைந்த தோல்வியோ, தறி நின்றுபோன வீட்டின் வறுமையோ அடங்கியிருந்ததைப் பலமுறை காலங்கடந்தே அறிந்திருக்கிறேன். துன்பம் இல்லாமையால் எழும் விடை அன்று அது. துன்பத்தைச் சொல்லுதற்குரிய சொல் இல்லாமையால் எழுவது. அச்சொல்லை வழங்கும் ஆற்றல் நல்ல நூல்களுக்கு உண்டு. எந்தத் துயருக்கு எந்த நூல் என்று தெளிவதற்கான வழியையும் நம் பழைய இலக்கணமே காட்டுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் காட்டும் பகுப்பு

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் இரண்டாவதாக வைக்கப்பெற்றது அழுகை. அழுகையைப் பொதுவாகக் கூறி அவர் அமையவில்லை. அது தோன்றும் வாயில்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தார். பிறரால் இகழப்பட்டு வருந்துவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழந்து வருந்துவது இழவு. முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துவது அசைவு. இல்லாமையால் வருந்துவது வறுமை.

இப்பகுப்பு மனத்துயர் பற்றிய ஆழ்ந்த அறிவின் வெளிப்பாடாகும். கண்ணீர் ஒன்றே ஆயினும் அதன் ஊற்றுகள் வேறு. இகழ்ச்சியால் துடிப்பவரிடம் இறப்பைப் பற்றிய நூலை நீட்டுவதும், தந்தையை இழந்தவரிடம் தன்னம்பிக்கை நூலை நீட்டுவதும் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மருந்தைத் தருவது போன்றதே. துயரின் வாயிலை அறிந்த பிறகே நூலைத் தேர்தல் வேண்டும்.

புறநானூறு என்னும் துணை

இந்நான்கு வாயில்களுக்கும் உரிய பாடல்கள் புறநானூறு என்னும் ஒரே நூலில் அமைந்துள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது.

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தர நீட்டித்தபோது ஔவையார் பாடிய பாடல் 206ஆவது பாடலாகும். வாயிற்காவலனை முன்னிலைப்படுத்தி, இந்த உலகம் அவ்வளவு வறிதாகிவிடவில்லை என்கிறார். தச்சனுடைய பிள்ளைகள் கோடரியோடு காட்டிற்குள் சென்றால் மரம் கிடைக்காமலா போகும், அதுபோல எத்திசைச் செல்லினும் எமக்குச் சோறு உண்டு என்பது அவர் கூற்றின் கருத்து. மதிப்பெண் குறைந்ததால் இகழப்படும் மாணவருக்கு இதனினும் நிமிர்வு தரும் பாடல் அரிது. கற்ற கைத்தொழில் ஒன்று இருக்கிறது. அதனை மதிக்கும் வாயில் வேறொன்றும் இருக்கிறது என்பதே அதன் செய்தி.

பாரி மகளிர் பாடிய 112ஆவது பாடல் இழவும் அசைவும் இணைந்தது. சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் குன்றும் தம்மிடம் இருந்தமையையும், இத்திங்களின் நிலவொளியில் இரண்டும் இல்லாமையையும் அப்பெண்கள் அருகருகே வைத்துக் காட்டுகின்றனர். ஆறுதல் மொழி ஒன்றுகூட அதில் இல்லை. அதுவே அதன் ஆற்றல். குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரின் 160ஆவது பாடலோ, வெறும் பாத்திரத்தைத் திறந்து பார்த்து அழும் குழந்தையையும், அதனைத் தேற்றத் தாய் படும் பாட்டையும் காட்டுகிறது. வறுமையைச் சொல்ல நாணும் மாணவருக்கு, ஒரு பெரும்புலவர் அதனை நாணாது பாடியிருக்கிறார் என்னும் செய்தியே ஒரு துணையாகும்.

தகடூர் தந்த கையறுநிலை

அதியமான் போரில் மாய்ந்தபோது ஔவையார் பாடிய 235ஆவது பாடல் நம் மண்ணோடு தொடர்புடையது. அவன் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே சேலம், நாமக்கல் மாணவர்க்கு அதியமான் அயலான் அல்லன். 1981இல் கண்டறியப்பெற்ற சம்பைக் கல்வெட்டும் அவன் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இப்பாடலில் ஔவையார் மன்னனின் வெற்றிகளை அடுக்கவில்லை. சிறிதளவே கிடைத்தாலும் தமக்குத் தந்த அவனது ஈகையையும், பலரோடு பகிர்ந்துண்ட பண்பையும் நினைக்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் தம் தலையை அவன் தடவிக் கொடுத்ததை நினைக்கிறார். அதன் பின்னரே, அவன் மார்பைத் துளைத்த வேல் இரப்போர் கைகளையும் புலவர் நாவினையும் துளைத்ததாகக் கூறி அரற்றுகிறார். பெருந்துயரம் சிறு நினைவுகளின் வழியாகவே வெளிப்படும் என்பதற்கு இப்பாடல் சான்று.

ஒரு மாணவரின் வாசிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், நாமக்கல் பகுதிச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் தந்தை, லாரி ஓட்டுநர், வடமாநிலச் சாலையில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். பத்து நாள்களில் வகுப்புக்குத் திரும்பிய அம்மாணவர் எவரோடும் பேசவில்லை. நான் நல்லெண்ணத்தோடு தன்முன்னேற்ற நூல் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பித் தந்தவர், "இதில் எல்லாரும் வெற்றி பெறுகிறார்கள் ஐயா" என்று மட்டும் கூறினார். இழவுக்கு உரிய நூலைத் தராமல் வேறொன்றைத் தந்த என் பிழையை அச்சொல் உணர்த்தியது.

பின்னர்ப் பாடத்திட்டப்படி கையறுநிலைப் பாடல்களைக் கற்பித்தேன். அன்று மாலை ஆசிரியர் அறைக்கு வந்த அவர், "அந்தக் கையைப் பற்றி வருகிற இடத்தை மறுபடியும் சொல்லுங்கள் ஐயா" என்றார். சொன்னேன். சற்று நேரம் நின்றிருந்து, "எங்கள் அப்பா கையில் டீசல் வாசனைதான் ஐயா இருக்கும்" என்றார். அதன்பின் அழுதார். தந்தை மறைந்த பின் அன்றுதான் முதன்முறையாக அழுததாக அவரே பிறகு கூறினார்.

அவருடைய துயரம் தீர்ந்துவிட்டது என்று கூறமாட்டேன். அப்பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தவறினார். மறு பருவத்தில் எழுதித் தேறினார். ஆயின், 'ஒன்றுமில்லை' என்று கூறுவதை நிறுத்திவிட்டார். ஔவையாரின் சொற்கள் அவருடைய சொற்களுக்கு வழி திறந்தன. இதனையே யான் ஆற்றுப்படுத்தல் என்கிறேன்.

பிற இடங்களிலும் காலங்களிலும்

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. கெய்ரோ நகரில் 1284இல் மம்லூக் மன்னர் அல்மன்சூர் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில், நோயாளர் கேட்கும்படி திருக்குர்ஆன் ஓதுவோர் அமர்த்தப்பட்டிருந்தனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். இஸ்லாமியத் தமிழ்ப் புலவர் தமிழுக்கு வழங்கிய புதிய இலக்கிய வகைகளுள் முனாஜாத்து ஒன்று. இறைவனிடம் தன் குறையை மனம்விட்டு முறையிடும் பாடல் அது. என் பாட்டியார் மாலை வேளையில் முனாஜாத்தை உரக்க வாசிக்க, அண்டை வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண் துடைத்தபடி கேட்டிருந்த காட்சி என் நினைவில் உள்ளது. தம் துயரைத் தம் வாயால் கூற இயலாதவர், புலவரின் வாயால் கூறிக்கொண்டனர்.

சேலத்தில் வழக்கறிஞராகவும் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தபோது நாட்குறிப்பு எழுதினார். உரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட சிந்தனைகளைப் பின்னர் 'ஆத்ம சிந்தனை' என்னும் பெயரில் தமிழில் தந்தார். மேலைநாட்டில் 1916இல் சாமுவேல் குரோதர்ஸ் என்பார் இம்முறைக்கு 'பிப்லியோதெரபி', அதாவது நூல்வழி மருத்துவம், எனப் பெயரிட்டார். இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவரும் நூலகரும் இணைந்து நூல்களைப் பரிந்துரைக்கும் திட்டம் நடைபெற்று வருகிறது.

கைக்கொள்ளத்தக்க முறை

பட்டறிவால் கண்ட சில நெறிகளை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கூற விழைகிறேன்.

முதலாவது, நான்கு வாயில்களுள் தம் துயர் எதனைச் சார்ந்தது எனத் தாமே வினவிக்கொள்ளுதல். இரண்டாவது, அறிவுரை கூறும் நூலைவிட, அதே துயரைப் பட்டவர் எழுதிய நூலை முதலில் நாடுதல். மூன்றாவது, குறைந்த அளவு வாசித்தல்; ஒரு நாளைக்கு ஒரு பாடலோ இரண்டு பக்கமோ போதும். இயன்றால் வாய்விட்டு, நம்பத்தக்க ஒருவரோடு வாசிக்க வேண்டும். நான்காவது, தைத்த இடத்தைக் குறித்து, அதன்கீழ்த் தம் சொந்தச் சொற்களில் ஐந்து வரியாவது எழுதுதல். ஐந்தாவது, ஆசிரியர் நூலைக் கொடுத்தபின் "படித்தாயா? என்ன புரிந்தது?" என்று வினவாதிருத்தல். ஆற்றுதற்குத் தந்த நூலைத் தேர்வாக்கிவிடலாகாது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உறக்கமும் உணவும் பல நாள் ஒழிந்தவர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர்க்கும் நூல் மட்டும் போதாது. அவரைத் தனியே விடாது, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நூல் மருத்துவருக்குத் துணை, மாற்று அன்று.

முடிவுரை

இந்தியாவிலேயே முன்னோடியாக 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. அதன் பயனாக இன்று நம் சிற்றூர்கள் பலவற்றிலும் நூலகம் உண்டு. கல்லூரியிலும் நூல்கள் குறைவின்றி உள்ளன. குறைவாயிருப்பது, வாடிய முகத்தைக் கண்டு உரிய நூலை எடுத்து நீட்டும் கையே. ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் அக்கையாக விளங்க வேண்டும். பள்ளிவாசல் சார்ந்த இடத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ, வாரம் ஒரு மாலை, பத்துப் பேர் கூடி ஒரு பாடலை வாசித்தாலும் போதும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை எவரேனும் உங்கள் துயரை வினவினால், 'ஒன்றுமில்லை' என்று கூறுமுன் நூலகத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். நீங்கள் சொல்ல இயலாததை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உங்களுக்காகச் சொல்லி வைத்திருக்கக்கூடும்.