பட்டாளத்துப் பாட்டனாரைத் தேடி நூலகத்திற்கு



"எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தவர்" என்று சொல்லும் குடும்பங்கள் நமது மஹல்லாக்களில் பல உண்டு. "பஸ்ராவுக்குப் போனார்", "பர்மா சண்டையில் இருந்தார்", "பென்ஷன் வாங்கினார்" என்ற அளவில் அந்தப் பேச்சு நின்றுவிடும். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த ஊரில் மரணித்தார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் பதில் இருக்காது. பதில் தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். பழைய பெட்டியில் கிடந்த காகிதங்கள் வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. ஆகவே இந்த இதழின் பாடமாக, படைவீரராக இருந்த முன்னோரின் வரலாற்றைப் பொது நூலகங்களின் துணையோடு தேடும் முறையை எடுத்துக்கொள்வோம்.

முதல் உலகப் போரில் இந்தியப் படையில் பணியாற்றியோர் 13 லட்சத்துக்கும் அதிகம். உயிரிழந்தோர் சுமார் 74,000. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோர் சுமார் 25 லட்சம். உயிரிழந்தோர் சுமார் 87,000. பெரிய தளபதிகளுக்கு நூல்கள் இருக்கின்றன. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாஹிப் யூசுஃப் கானைப் பற்றி ஹில் என்பவர் எழுதிய ஆங்கில நூல் 1914இல் வெளிவந்தது. சாதாரண சிப்பாய்க்கு அப்படி ஒரு நூல் இருக்காது. அவர் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தேடல் வீட்டிலிருந்து தொடங்கட்டும்

நூலகத்துக்குப் போகுமுன் வீட்டில் முடிக்க வேண்டியவை சில உண்டு. மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், உட்கார்ந்து கேட்க வேண்டும். பென்ஷன் பணம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.

பதக்கம் ஏதும் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரில் வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று வெள்ளியால் ஆனது. வெள்ளி விலைக்கு அதை எடைபோட்டு விற்றுவிட்டால், விளிம்பில் இருந்த அந்த நான்கு செய்திகளும் உருக்குப் பட்டறைக்குப் போய்விடும். விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், முதலில் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்து எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஹல்லாவின் நிகாஹ் பதிவேடு, ஜமாஅத் கணக்குப் புத்தகம், மையவாடியில் உள்ள கல்வெட்டுகள், பழைய பத்திரங்கள். "இன்னாரின் மகன், ஓய்வுபெற்ற ஹவில்தார்" என்ற ஒரு சொல் பத்திரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சில ஊர்களில், இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று பொறித்த ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கும். அதில் பெயர்கள் இருக்காது என்றாலும், ஊரிலிருந்து ஆட்கள் போனார்கள் என்பதற்கு அதுவே சான்று.

யார் சொன்னது, யாரிடம் கேட்டது

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இஸ்னாத் என்பது என்னவென்று தெரியும். ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, சொன்னவரின் நினைவாற்றல் எப்படி என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அதற்காகவே அறிவிப்பாளர்களின் வரலாறுகளைத் தொகுத்து அஸ்மாவுர் ரிஜால் என்ற தனிக் கலையை உருவாக்கினார்கள். அந்த ஒழுங்கை நம் குடும்பச் செய்திக்கும் ஓரளவு கடைப்பிடிக்கலாம்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் செய்தி, இரண்டாவதில் சொன்னவர், மூன்றாவதில் எழுத்துச் சான்று. மூன்றாம் பத்தி காலியாக இருக்கும் செய்தியை நடந்த உண்மை என்று எழுதாமல், "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று எழுதுங்கள். தன் முன்னோர் சிப்பாயாக இருந்திருக்க, அவரை சுபேதார் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. சமையல்காரராக, தண்ணீர் சுமப்பவராக, கோவேறு கழுதை ஓட்டியாகப் போனவர்களும் போர்க்களத்தில் இறந்தார்கள். அவர்களது பெயர்களும் பதிவில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

படைப்பிரிவின் பெயரும் ஆண்டும்

தேடலுக்குச் சாவி படைப்பிரிவுதான். ஆனால் மதராஸ் படைப்பிரிவுகளின் பெயர்களும் எண்களும் பலமுறை மாறின. 1806 ஜூலை 10இல் நடந்த வேலூர்க் கோட்டை எழுச்சியில் பங்குகொண்ட மூன்று பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன. 1903இல் மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அதனால் 3ஆம் மதராஸ் காலாட்படை 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆயிற்று. 1922இல் எஞ்சிய பிரிவுகள் 3ஆம் மதராஸ் ரெஜிமென்ட் என்ற ஒரே பெயரில் இணைக்கப்பட்டன. பிறகு செலவைக் குறைக்க, 1928க்குள் அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர் படை 1933இல் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல்தான் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. இவ்வளவு காலமும் இடைவிடாமல் நீடித்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை.

இதை வைத்து ஒரு குடும்பச் செய்தியைச் சோதித்துப் பார்ப்போம். "எங்கள் பூட்டனார் 1910இல் மதராஸ் காலாட்படையில் சேர்ந்து 1935 வரை அதிலேயே இருந்தார்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1935இல் மதராஸ் காலாட்படையின் நிரந்தரப் பட்டாலியன் ஒன்றுகூட இல்லை. எனவே அவர் சாப்பர்ஸில் இருந்திருக்கலாம். அல்லது கலைப்புக்குப் பின் டெரிடோரியல் பட்டாலியனுக்கோ வேறு படைப்பிரிவுக்கோ மாறியிருக்கலாம். அல்லது 1935 என்பது அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஆண்டாக இருக்கலாம். சொன்னவர் பொய் சொன்னார் என்று பொருளல்ல. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இப்போது நமக்குத் தெரிகிறது.

அதேபோல் இரண்டாம் உலகப் போரில் "லாரி ஓட்டினார்" என்று சொன்னால், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற போக்குவரத்து, உணவு வழங்கல் படையை முதலில் பாருங்கள். "பாலம் கட்டினார், ரோடு போட்டார்" என்றால் சாப்பர்ஸைப் பாருங்கள்.

எந்த நூலகத்தில் எதைக் கேட்பது

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. இந்தியாவில் இதுவே முதல் மாநில நூலகச் சட்டம். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவுக்குச் சென்று மாவட்ட மேனுவல், கெஜட்டியர் ஆகியவற்றைக் கேளுங்கள். அவற்றில் உங்கள் பாட்டனாரின் பெயர் இருக்காது. ஆனால் அன்றைய தாலுகா எல்லை, ஊர்ப் பெயரின் அன்றைய ஆங்கில எழுத்து, பஞ்சம் வந்த ஆண்டுகள், மக்கள் செய்த தொழில் எல்லாம் இருக்கும். ஏன் பட்டாளத்தில் சேர்ந்தார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் தென்படும்.

சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் நாட்டின் நான்கு தேசிய வைப்பு நூலகங்களில் ஒன்று. அங்கே வில்சன் 1880களில் ஐந்து தொகுதிகளாக எழுதிய மதராஸ் படை வரலாறு, பித்தியன் ஆடம்ஸ் எழுதிய மதராஸ் ரெஜிமென்ட் வரலாறு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கேட்கலாம். வில்சனின் நூல் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவும் படிக்கக் கிடைக்கிறது. எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய அரசாணைகளைப் பார்க்க முன் அனுமதி பெற வேண்டும். என்ன தேடுகிறோம், எந்த ஆண்டுகள் என்று தெளிவாக எழுதிக்கொண்டு போனால் ஊழியர்கள் உதவ முடியும். "பாட்டனார் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

போரில் இறந்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலை நூலகக் கணினியிலேயே தேடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருகிறோம், இங்கிலாந்திலிருந்து இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தப் பட்டியலில் பெயர், எண், படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றோடு பல இடங்களில் தந்தை பெயர் அல்லது மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியவையும் இருக்கும். ஈராக்கில் இறந்தவர்களுக்குப் பஸ்ரா நினைவிடம், கிழக்கு ஆப்பிரிக்காவில் இறந்தவர்களுக்கு அங்குள்ள நினைவிடங்கள், பர்மாவில் கல்லறை அறியப்படாமல் இறந்தவர்களுக்குச் சுமார் 27,000 பெயர்கள் கொண்ட ரங்கூன் நினைவிடம் என்று பிரித்துத் தேடலாம்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். அப்துல் காதர் என்பது காதிர், காடர், கதர் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஷேக், முஹம்மது போன்றவை ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் விடுபட்டும் இருக்கும். ஊரும் அப்படியே: திருச்சியை டிரிச்சினாபோலி என்றும், திருநெல்வேலியை டின்னவெல்லி என்றும், வேலூர்ப் பக்கத்தை நார்த் ஆற்காடு என்றும் தேட வேண்டும். பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. தந்தை பெயர், ஊர், காலம் ஆகிய மூன்றில் இரண்டாவது ஒத்திருந்தால்தான் நம்மவர் என்று கொள்ளலாம்.

உயிரோடு திரும்பி பென்ஷன் வாங்கியவர்களுக்கு, சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலும், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனிலும் உள்ள படை ஆவண அலுவலகங்களுக்கு எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத வழிகாட்டுவார்கள்.

மூத்தவர்கள் பேசாமல் விட்டது

தேடலில் மனதைச் சங்கடப்படுத்தும் செய்தியும் வரலாம். 1914 நவம்பரில் துருக்கியின் உஸ்மானிய அரசும் பிரிட்டனும் போரில் இறங்கின. இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்கள், கலீஃபா என்று தாங்கள் மதித்தவரின் படைக்கு எதிரே நிறுத்தப்பட்டார்கள். 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் 5ஆம் லைட் இன்ஃபன்ட்ரியின் முஸ்லிம் வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்று அவர்களிடையே பரவிய பேச்சு அதற்கு ஒரு காரணம். 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வேறு பலர் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஈராக்கில் போரிட்டார்கள். திரும்பி வந்த சில ஆண்டுகளில் ஊரெங்கும் கிலாஃபத் கூட்டங்கள். "பஸ்ரா போனார்" என்பதற்கு மேல் சில வீடுகளில் ஏன் பேச்சே இல்லை என்பது இதிலிருந்து புரியக்கூடும்.

அவர்களை இன்று நாம் வீரர் என்றோ துரோகி என்றோ தீர்ப்பெழுத வேண்டியதில்லை. பதினேழு, பதினெட்டு வயதில், வீட்டுக் கஷ்டத்துக்காகக் கைநாட்டு வைத்துப் போன பிள்ளைகள் அவர்களில் பலர். என்ன நடந்தது என்று அறிந்து, உள்ளபடி எழுதி, அவர்களுக்காக துஆச் செய்வது நம் கடமை.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒன்று, வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். இரண்டு, பதக்கம், பென்ஷன் புத்தகம், கடிதம், புகைப்படம் எது இருந்தாலும் படம் எடுத்து, படத்தில் இருப்பவர் யார் என்று குறித்து வையுங்கள். மூன்று, கல்லூரியில் படிக்கும் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு மாவட்ட மைய நூலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

எழுதி முடித்த குறிப்பின் ஒரு படியை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்தால், மஹல்லா வாரியாகக் கோப்பில் வைத்துப் பாதுகாப்போம். உயிரோடிருப்பவர்களின் முகவரி, பென்ஷன் கணக்கு எண் போன்றவற்றை அதில் எழுத வேண்டாம். ஒரு வீட்டின் குறிப்பில் இருக்கும் படைப்பிரிவின் பெயர், அடுத்த தெருவில் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு வீட்டுக்கு வழிகாட்டக்கூடும். ஒரே ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்தே பட்டாளத்துக்குப் போனதுண்டு. இன்ஷா அல்லாஹ், வந்து சேரும் குறிப்புகளிலிருந்து குடும்பங்களின் சம்மதத்தோடு சிலவற்றை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.