விமான நிலையத்திற்குள் ஒரு நாட்டெல்லை

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதல் முனையத்தில் இரு பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். ஒருவர் கோத்தா பாருவுக்குச் செல்கிறார். மற்றவர் சென்னைக்குச் செல்கிறார். பயணப் பைகளை ஒப்படைத்த பிறகு இருவரின் வழியும் பிரிகிறது. கோத்தா பாரு செல்பவருக்கு அடையாள அட்டையும் பாதுகாப்புச் சோதனையும் போதும். சென்னை செல்பவரோ கடப்பிதழுடன் குடிநுழைவுச் சோதனையையும் கடக்க வேண்டும். கடந்ததும், அவர் நாட்டைவிட்டு வெளியேறியதாகப் பதிவாகிறது. அவருடைய விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது!

ஒரு விமான நிலையத்தை அனைத்துலக விமான நிலையமாக ஆக்குவது அதன் பரப்பளவு அன்று. இத்தகைய சோதனை வசதிகளே. நியூயார்க் நகரின் லகார்டியா விமான நிலையம் எப்போதும் பரபரப்பாக இருக்கும். ஆயினும், அங்குக் குடிநுழைவுச் சோதனையோ சுங்கச் சோதனையோ இல்லை. கனடாவிலிருந்து அங்கு வருவோருக்கான சோதனையை அமெரிக்க அதிகாரிகள் கனடாவிலேயே முடித்துவிடுகின்றனர். சிங்கப்பூரின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு உள்நாட்டு விமானப் பயணமே இல்லை. 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையத்திலிருந்து பயணிகள் எங்குச் சென்றாலும் அது வெளிநாடுதான்.

சோதனை மனிதர்களோடு முடிவதில்லை. பாட்டி ஆசையோடு கொடுத்தனுப்பிய மாம்பழத்தைக்கூடச் சில நாடுகள் உள்ளே விடுவதில்லை. பழத்தினுள் பூச்சி முட்டைகள் இருந்தால், அந்நாட்டின் பழத்தோட்டங்களே பாழாகலாம்.

குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் உள்ள இடைவழிப் பகுதி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. அங்கும் அந்நாட்டுச் சட்டமே செல்லும். நண்பரை வழியனுப்புவதற்காக மட்டும் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு சாங்கியின் இடைவழிப் பகுதிக்குள் நுழைவது குற்றமாகும்.

கடப்பிதழை ஒரு சிறு புத்தகமாக மட்டும் நினைப்பவர்கள் மெஹ்ரான் கரிமி நாசேரியைப் பற்றி அறிய வேண்டும். ஈரானைச் சேர்ந்த அவர் 1988ஆம் ஆண்டு பாரிஸின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் உரிய ஆவணங்கள் இன்றிச் சிக்கிக்கொண்டார். அங்கிருந்து வேறு நாட்டுக்குச் செல்லவும் வழியில்லை. முதல் முனையத்தின் இருக்கைகளே அவருக்கு வீடாயின. பல ஆண்டுகள் கழித்து ஆவணங்கள் கிடைக்கும் நிலை வந்தபோதும் அவர் வெளியேற மறுத்துவிட்டார். 2006ஆம் ஆண்டு உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்படும் வரை அவர் அங்கேயே வாழ்ந்தார்.