கடலையும் எண்ணெயும்

நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம், பாதியளவு எண்ணெய். அப்புரதத்தில் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் மிகுந்துள்ளது. அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உருவாக்குகிறது. அவ்வாயு இரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துவதால் குழாய் விரிந்து, குருதி தடையின்றிப் பாய்கிறது. இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

எனினும், கடலையெண்ணெயில் ஆர்ஜினைனைத் தேடுவது பயனற்றது. செக்கில் ஆட்டும்போது கொழுப்பு மட்டுமே எண்ணெயாகப் பிரிகிறது. கொழுப்பில் கரையாத புரதம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயில் உள்ளவை ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களே. ‘அமிலம்’ என்னும் சொல் பொதுவாயினும் அமினோ அமிலம் வேறு; கொழுப்பு அமிலம் வேறு. ஆர்ஜினைனின் பயனைப் பெற விரும்புவோர் கடலையை அவித்தோ வறுத்தோ உண்பதே முறையாகும்.