பழைய கணிப்பொறியும் பதினேழு மில்லி விநாடியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘கணிப்பொறியின் முதற் சிறப்பு வேகம்’ என்று பள்ளியில் படித்தோம். எங்கள் வீட்டுக் கணிப்பொறி அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. அதன் பொத்தானை அழுத்திவிட்டு அம்மா உலை வைத்தால், அரிசி கொதி வரும் சமயத்தில்தான் திரை முழுதும் விழித்திருக்கும்.

இரண்டு கோடை விடுமுறைகளில் அப்பாவுடன் சித்தாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், 2024ஆம் ஆண்டு 6,500 ரூபாய்க்கு அதை வாங்கினேன். அலுவலகங்கள் சில ஆண்டு உழைக்க வைத்துவிட்டுக் கழித்துவிடும் சிறுவகை மேசைக் கணிப்பொறி அது. ஒரு தடித்த அகராதியின் அளவே இருக்கும். உள்ளே இருப்பது 2013இல் வெளிவந்த இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 500 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க். எங்கள் தெருவில் உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டைத் திருத்தம் எல்லாம் இதில்தான். கடைசி நாள் மாலை ஏழு மணிக்கு வருபவர்களே மிகுதி. அவர்களுக்கு முன்னால் இந்தப் பெட்டி யோசித்துக்கொண்டே நிற்கும்போது எனக்கு வியர்க்கும்.

பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். “பழசாயிடுச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்க” என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தனார், பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. “செவுரு நல்லாத்தானே நிக்குது? விரிசல் எங்கன்னு பாத்துட்டு அப்புறம் இடிடா” என்றார்.

பார்த்தேன். கணிப்பொறி திணறும் நேரத்தில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்தால், செயலி நூற்றுக்குப் பத்துப் பங்குதான் வேலை செய்கிறது. டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறு. மூளை சும்மா இருக்கிறது, கை ஓயாமல் தேடுகிறது. விரிசல் அங்கேதான்.

ஏன் என்பதை நம் இயற்பியலே சொல்லும். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு கை அசைந்து காந்தப் பதிவைப் படிக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். இன்றைய தட்டு உள்ளங்கையில் அடங்கும் என்றாலும் செயல்முறை அதுவே. என்னுடையது நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 60 ÷ 5,400, அதாவது 11.1 மில்லி விநாடி. வேண்டிய இடம் கைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 5.6 மில்லி விநாடி. கை உரிய தடத்திற்கு நகர ஏறக்குறைய 12. கூட்டினால் பதினேழரைக்குச் சற்று மேல். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய செய்திகளை விநாடிக்கு 57 முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது.

கணிப்பொறி விழித்தெழும்போது படிப்பவையோ பெரும்பாலும் சிதறிய சிறு கோப்புகள். பத்தாயிரம் முறை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 176 விநாடி, அதாவது மூன்று நிமிடம் வெறுங்காத்திருப்பிலேயே போய்விடுகிறது. செயலி எவ்வளவு வேகமானதாயினும் இதைக் குறைக்க முடியாது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பில் சுழல்வது எதுவும் இல்லை. டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட சிறு அறைக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் எழுதுதல். காப்புச் சுவரை எலெக்ட்ரான் எப்படிக் கடக்கிறது? தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்யும் குவாண்டம் சுரங்க விளைவால்தான்! இதில் ஒரு செய்தியை எடுக்க ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி போதும். மேற்சொன்ன பத்தாயிரம் தேடலும் ஒரே விநாடியில் முடிந்துவிடும்.

என் பெட்டியில் இருப்பது ‘சாட்டா’ இணைப்பு. அது விநாடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஆகவே அதைவிட வேகமான விலையுயர்ந்த வகையைத் தேடவில்லை. 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன்.

இந்நிலையில்தான் இயக்க முறைமையின் சிக்கலும் சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. 2021இல் வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் இருக்க வேண்டும் என்கிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. நான்காம் தலைமுறைக்கு வாசலிலேயே தடை. தடையை ஏய்த்து நுழையும் வழிகளும் உண்டு. ஆனால் பின்னர் திருத்தங்கள் ஒழுங்காக வரும் என்ற உறுதி இல்லை. ஊரார் ஆதார் எண்களைத் தட்டெழுதும் பொறியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தேன். லினக்ஸின் கருப்பகுதியை லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் உலகுக்கு அறிவித்தபோது அவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. எனக்கு அதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பொருட்படுத்தவில்லை. எஸ்.எஸ்.டி. வந்த அன்று இரவு கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கினேன். நாற்பது விழுக்காட்டில் நின்றது. இரண்டு மணி நேரம் பொறுத்துவிட்டு, ஆத்திரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தேன். மறுபடி போட்டபோது டிஸ்க்கையே காணோம் என்றது திரை.

அதில் அப்பாவின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையின் படம் இருந்தது. மூல அட்டை சென்ற மழையில் கூரை ஒழுகி எழுத்தழிந்துவிட்டது. புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தது. என் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை அந்தப் பதிவை நம்பியே வருகிறது. அன்றிரவு நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். “இனி அதை நீ ஒரு தடவைகூட வீணாக இயக்காதே” என்றார் முதலில். தம்முடைய 1 டெராபைட் வெளிச் சேமிப்பைக் கொடுத்தார். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைக் காட்டினார். சாதாரண நகலெடுப்பு, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுவோ முட்டும் இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றுகிறது. பிறகே திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறது. தெரிந்த வினாக்களை முதலில் எழுதும் மாணவனைப் போல!

பென்டிரைவில் இருந்தே லினக்ஸை இயக்கி, பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. கம்பி வழியாக இணைத்தேன். நான்காம் முயற்சியில் அது கண் விழித்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடிற்று. மின்வெட்டு வருமோ என்று ஒவ்வொரு மணிக்கும் எழுந்து பார்த்தேன். முடிவில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன. அட்டையின் படத்தைத் திறந்தேன். மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். பதிவெண் மேல் பாதியில் இருந்தது. அந்த எண்ணைக் கொண்டே பதிவைத் தேடி எடுத்துப் புதுப்பித்துவிட்டோம்.

பின்னர் நடந்தது எளிய வேலை. பின்பக்கத் திருகு ஒன்றைக் கழற்றினால் மூடி நகரும். டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. அப்படியே பொருந்தும். லினக்ஸை நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். ‘அழித்து நிறுவுக’ என்னும் பொத்தான் எந்த டிஸ்க்கை அழிக்கிறது என்பதில் நள்ளிரவுக் கண்களை நம்பக் கூடாது. நிறுவ அரை மணிகூட ஆகவில்லை. முன்பு நான்கு நிமிடம் எடுத்த பெட்டி இப்போது 25 விநாடியில் எழுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் அமைந்துவிட்டது. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய எழுத்துருக் கோப்புகள் மட்டும் முதலில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. உரிய எழுத்துருவைச் சேர்த்ததும் சரியாயின. விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் உங்களுக்கு வேண்டுமாயின், மாறுமுன் யோசியுங்கள்.

எஸ்.எஸ்.டி.யும் சாகும். ஹார்டு டிஸ்க் பலமுறை முனகிவிட்டுச் சாகிறது. இது பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும். ஆதலால் இப்போது ஞாயிறுதோறும் ஒரு நகல் எடுக்கிறேன்.

பழைய டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தேன். தட்டு அலுமினியம் என்று எண்ணி வளைத்தேன். அது கண்ணாடி, நொறுங்கிப்போயிற்று. கையை அசைக்கும் நியோடிமியக் காந்தங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. மற்றொன்றை அப்பா கயிற்றில் கட்டி, மணலில் சிந்திய ஆணிகளைப் பொறுக்க வேலைக்கு எடுத்துப் போகிறார்.