சங்கிலி வாள் பழகும் இளம் தச்சருக்கு

காஞ்சியை அடுத்து வேகவதிக் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தில், தறிச் சத்தம் ஓயாத தெருவில் மரவேலையைத் தொழிலாகக் கொள்ள முற்படும் இளம் தச்சருக்குச் சங்கிலி வாள் இன்று எட்டாத கருவியன்று; மரவாடியில் கூலி கொடுத்து அறுத்து வாங்கும் பலகையை வீட்டுக் கொல்லையிலேயே அறுத்துக்கொள்ளலாம் என்னும் ஆசையும் இயல்பானதே. அந்த ஆசைக்குத் துணைநிற்பதும், அதன் பெயரால் நிகழும் ஒரு பெருந்தவற்றைத் தடுப்பதுமே இக்கடிதத்தின் நோக்கம்.

பெட்ரோலா மின்சாரமா என்னும் கேள்விக்கு இவ்வூர் வீடுகளைப் பொறுத்தவரை விடை மின்சாரமே. பெட்ரோல் வாளின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலுடன் கலந்த எண்ணெயையும் சேர்த்தே எரிப்பதால், புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயுவும் வெளிப்படும். கூரைக்கடியில் அதை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. மின்வாளில் புகை இல்லை. எனினும் இரண்டிலும் சங்கிலிக்கு இடப்படும் எண்ணெய் நுண்துளிகளாகத் தெறிக்கும். காலையில் தெருவில் நீட்டிய பட்டுப்பாவின் மீது அத்துளி ஒன்று படிந்தால் என்னாகும் என்பதை நெசவாளர் தெருவில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பாவு நீட்டும் வேளையில் வாள் ஓய்ந்திருக்கட்டும். 2000 வாட் மின்வாள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுப்பதால், மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து இயக்கினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டாரின் சுருள் கருகக்கூடும். 15 ஆம்பியர் பிளக்கும், தடித்த செம்பு ஒயரும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வாளோடு சேர்ந்த செலவு என்றே கொள்ளத்தக்கவை.

மேற்சொன்ன பெருந்தவறு, நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, மலிவாகக் கிடைக்கும் பாரையும் சங்கிலியையும் அதில் திருகி, அதையே வாளாக்கிக்கொள்வதாகும். பார் என்பது சங்கிலி சுற்றியோடும் தட்டையான எஃகுத் தகடு. அதன் நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால், பல் அறுக்க இயலாமல் சிக்கிக்கொள்ள, சங்கிலியின் விசை முழுவதும் வாளையே இயக்குபவரின் முகத்தை நோக்கி இமைக்கும் நேரத்தில் தூக்கியெறியும். எதிரடி எனப்படும் இதற்காகவே முறையான வாளில் முன்பிடியிலுள்ள கையைக் காக்கும் தடுப்பு பிரேக்கின் நெம்புகோலாகவும் அமைந்திருக்கிறது. கிரைண்டரில் அந்த பிரேக் இல்லை, எண்ணெய் பாய்ச்சும் பம்பு இல்லை. பல கிரைண்டர்களில் கையை எடுத்த பிறகும் சுவிட்ச் அணையாது. சுமையின்றிச் சுழல்கையில் அதன் வேகமோ நிமிடத்திற்கு 11,000 சுற்றை ஒட்டியது. அந்த இணைப்பை இளம் தச்சர் வாங்கவே கூடாது. வாங்கியிருப்பின் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது.

மாற்றம் செய்யத் தக்க இடம் சங்கிலியின் பல்லே. இன்றைய பல்லின் வடிவம், மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடைகளைக் கண்டு அமெரிக்காவின் ஜோசப் காக்ஸ் 1940களில் வகுத்தது. இருபுறமும் மாறிமாறிச் செதுக்கிச் செல்லும் அதன் முன்விளிம்பு, கடையில் வாங்கும்போது மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்காக 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். பலகை எடுப்பதற்கு நெடுக்கறுப்பு, அதாவது நாரோட்டத்தின் வழியே அறுத்தல், தேவைப்படுவதால் அச்சாய்வை உருட்டு அரத்தால் சிறிது சிறிதாகப் பத்துப் பாகைக்குக் குறைத்தால் பலகையின் முகம் வழவழப்பாக வரும். குறுக்கறுப்பில் சீவல் விழுந்தால் பல் கூர்மை, மாவு விழுந்தால் மழுக்கம் என்பது பொதுவிதி. அடிமரத்தின் வெட்டுமுகத்திலிருந்து பலகை எடுக்கும்போதோ கூரான பல்லும் மாவையே தள்ளும் என்பதால், அங்கே வாள் அழுத்தாமலே முன்னேறுகிறதா என்பதைக் கை உணர வேண்டும். இந்தப் புலனுணர்வு படிய நாளாகும். அதற்குச் செலவிடும் நேரம் வீணன்று. பாரின் மீது திருகி, பலகையின் கனத்தை ஒரே அளவில் நிறுத்தும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு மோட்டாருக்கு ஓரடி விட்டத்துக்குட்பட்ட கட்டையே ஏற்றது, அதிலும் இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

சாலையோரப் புளி, வேம்பு ஆகியவற்றின் அடிமரத்தில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். ஓர் ஆணி பட்டாலே பற்கள் பல சிதையும் என்பதால் பட்டையைச் செதுக்கிவிட்டுக் காந்தத்தை நகர்த்திப் பார்ப்பது நன்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறுத்த பின் வரும் வேலையான பலகையை உலர்த்துவதையே பலரும் புறக்கணிக்கின்றனர். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் அத்தி மரத் திருமேனி 1979க்குப் பின் 2019இல்தான் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவந்தது. அத்தனை ஆண்டுகள் நீரில் கிடந்தும் அது அழியாததற்குக் காரணம், நீருக்கடியில் காற்று எட்டாமையால் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராததே. கொல்லையில் வெயிலில் போட்ட பச்சைப் பலகைக்கோ, வெட்டுமுகம் உடலைவிட விரைந்து உலர்வதால், சில நாட்களிலேயே வெடிப்பு விழும். ஆதலால் அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் வைத்து, நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்க வேண்டும்.