பழைய நீராவி ரேடியேட்டர் உள்ள வீடா?

நியூயார்க், பாஸ்டன் பக்கம் நூறு வருடத்து வீட்டில் குடியேறினால், குளிர்காலத்தில் ரேடியேட்டர் நடுராத்திரியில் மடார் மடாரென்று அடிக்கும். பழுதுபார்க்க வருபவர், "எல்லாத்தையும் மாத்திடுங்க" என்பார். உதிரிபாகம் செய்த பல கம்பெனிகள் இன்று இல்லை. புது பாய்லரின் கையேட்டிலும் சுவருக்குள் ஓடும் பழைய குழாயைப் பற்றித் தேடிப் பயனில்லை.

ரேடியேட்டருக்கு ஒரே குழாய்தான் போகிறதா? அப்படியானால் அதன் அடி வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லையேல் முழுக்க மூடுங்கள். பாதி திறந்தால் ஏறும் ஆவியும் இறங்கும் தண்ணீரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். ரேடியேட்டரும் வால்வுப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மறுமுனைக் காலுக்கு அடியில் ஒரு மெல்லிய கட்டை வைத்தாலே பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும்.

பாதி சூடு, பாதி சில்லென்று இருந்தால் காற்று வெளியேற்றும் சின்ன வால்வு அடைத்திருக்கலாம். பாய்லரை அணைத்து, ஆறவிட்டு மாற்றுங்கள்.

அழுத்தத்தைக் கூட்டினால் சூடு கூடாது, எரிபொருள்தான் வீண். வீட்டுக்கு 2 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயே தாராளம்.

நீராவிச் சூடேற்றும் முறையை அறிய டான் ஹோலஹன் 1992இல் எழுதிய 'தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஸ்டீம் ஹீட்டிங்' நூல் நல்ல துணை. பாய்லர் மாற்ற வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "ரேடியேட்டர்களை அளந்தீர்களா?" அளக்காமலே விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.